மருந்து கலந்தது

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களை எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஈரத் துணியோடு யாராவது கிட்டே வந்தால் எங்களுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும், முகம் நிமிர்ந்து நாடி தானாக மேலே போகும். பதுளையில் ஒரு சலூனில் எனக்கு முடி வெட்டி முடித்த பெண், கழுத்தைத் துடைக்கத் துவாயை எடுத்தாள். நான் கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

“மிஸ்ஸுக்கும் நம்ம ஆயம்மாவா?” என்று கேட்டாள்.

அவள் பக்கத்து டிவிசன். அங்கே பிள்ளைக் காம்பரா இடிந்து கிடந்த காலத்தில் அவளையும் எங்கள் காம்பராவுக்குத்தான் தூக்கி வந்திருக்கிறார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தெமோதரை ஸ்டேசனிலிருந்து மேலே ஏறினால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு நடுவில், தகரக் கூரை போட்ட நீளமான ஓர் அறை. அதற்குப் பொறுப்பானவர்தான் ஆயம்மா. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். சம்பளம் போடுகிறவர்களைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆயம்மாவால் ஒரு முகத்தைத் துடைக்காமல் விட முடியாது. அவரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அவர் துடைப்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இடது கை நாடியைப் பிடிக்கும். வலது கை நெற்றி, கண்முனை, மூக்கு, வாயோரம், காதுமடல் என்று இறங்கி வரும். எந்தப் பிள்ளைக்கும் அந்த வரிசை மாறியதில்லை. எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பாமசி என்னும் மருந்தாளர் படிப்பால் வந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன். அதற்கு வெகு முன்பே அந்தக் கையிலிருந்து வந்ததோ என்றும் தோன்றும். துடைக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார். “யாரு வீட்டுப் புள்ள இது? தொரை வீட்டுப் புள்ளயா? இல்ல? மூக்குல இவ்வளவு சொத்து வச்சிருக்கியே, நான் தொரை வீடுன்னுல்ல நெனச்சேன்.”

அவர் வேதக்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். காம்பராவில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் திருநீற்றோடு வருவார்கள். நெற்றியைத் துடைக்கும்போது துணி திருநீற்றுக்குக் கிட்டே வந்து, அதைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் போகும். சாயங்காலம் தாய்மார் தூக்கும்போது முகமெல்லாம் பளிச்சென்று இருக்கும், காலையில் பூசிய திருநீறு பூசியபடி இருக்கும். என் அண்ணி ஒருமுறை அவரிடம் இதைக் கேட்டாள்.

“அது அவங்க சாமி வச்சது. நான் அழுக்கத்தான் தொடைக்கிறேன்” என்றார் ஆயம்மா.

இத்தனை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர். அவருக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பாமசி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலை தெமோதரையில் பஸ்ஸுக்கு நின்றேன். ஆயம்மா எங்கிருந்தோ வந்து என் நாடியைப் பிடித்தார்.

“என்னா புள்ள, மூஞ்சியெல்லாம் மா அப்பிக்கிட்டு நிக்கிற? ரொட்டி சுட்டியா?”

“பவுடர் ஆயம்மா.”

“காதுக்கு முன்னால ஒரு நெறம், பின்னால ஒரு நெறம். இப்புடியா வேலைக்குப் போவ? இரு.”

என் தண்ணீர்ப் போத்தலை வாங்கி முந்தானையை நனைத்து, வரிசை மாறாமல் துடைத்தார். பஸ் வந்து நின்றது. ஏறியவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஆயம்மா, எனக்கும் ஒருக்கா தொடைச்சு விடுங்களேன்” என்றார்.

“ஒனக்கா? ஒனக்கு பீலியே பத்தாதுடா!”

பீலி என்பது மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டு எங்கள் லயங்களுக்கு இறக்கிய தண்ணீர். அது நன்றாக ஓடிய காலத்தில் ஆயம்மாவிடம் துணிகள் இருந்தன. பழைய சாரம், பழைய வேட்டி, கிழிந்த சேலைத் துண்டு. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பானையில் போட்டு அவித்து, கூரைக்குக் கீழே கட்டிய கயிற்றில் காயப் போடுவார். காய்ந்த துணியில் விறகுப் புகை வாசனை இருக்கும். வெயில் காலத்தில்தான் சிரமம். பீலி நூல் மாதிரி மெலிந்துவிடும். குடிக்க, சமைக்கப் போக, துணி அவிக்கத் தண்ணீர் மிஞ்சாது. ஆயம்மா கீழ் ஓடை வரைக்கும் வாளியோடு இறங்கி ஏறுவார்.

அப்படி ஒரு வறட்சியில்தான் பெட்டிகள் வந்தன. கொழும்பிலிருந்து யாரோ நன்கொடையாக அனுப்பியிருந்தார்கள். தோட்டத்து நலன்புரி அதிகாரி, நாங்கள் வெல்பெயர் ஐயா என்போம், அவற்றைக் காம்பராவில் அடுக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். உள்ளே பாக்கெட் பாக்கெட்டாக ஈர டிஷ்யூ, போத்தல் போத்தலாக நீல மூடி போட்ட லோஷன். எல்லாவற்றின் மேலும் ஒரு கொழுகொழுத்த வெள்ளைக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் பெரிதாகப் ‘பேபி’ என்று போட்டிருந்தது. அந்த ஒரு சொல்லை ஆயம்மாவும் வாசித்துவிடுவார்.

“இனிமே இந்தப் பழந்துணியெல்லாம் வேணாம் ஆயம்மா. வெளி ஆளுங்க வந்து பாத்தா நல்லா இருக்காது” என்றார் வெல்பெயர் ஐயா.

ஆயம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்து வந்த என்னைக் காம்பராவுக்குள் இழுத்துப்போய்க் காட்டினார். “தண்ணி வேணாம், வெறகு வேணாம். இழுத்தா ஈரமாவே வருது புள்ள! வித்தை காட்டுறவன் வாயிலேர்ந்து துணி இழுப்பானே, அப்புடி! வாசமும் வருது.”

அன்றிலிருந்து அவர் இழுத்து இழுத்துத் துடைத்தார். பிள்ளைகளின் முகம், கை, பின்புறம். பிறகு தொட்டில் கயிறு, பாய், பிளாஸ்டிக் யானை, சுவரில் தொங்கிய மாதா படத்தின் கண்ணாடி. காலையில் முதல் பிள்ளை வந்ததிலிருந்து மாலையில் கடைசிப் பிள்ளை போகும் வரை அவர் விரல்கள் அந்த ஈரத்திலேயே இருந்தன.

சில மாதங்களில் விரல் இடுக்குகள் சிவந்தன. அரித்தது. பிறகு சிறு சிறு நீர்க்கொப்புளம், அது உடைந்து வெடிப்பு, வெடிப்பில் இரத்தம். மணிக்கட்டு வரைக்கும் தோல் தடித்துப் போனது. அரிப்பை ஆற்ற, பெட்டியில் வந்த லோஷனை எடுத்துப் பூசினார். இன்னும் மோசமானது. டிஸ்பென்சரியில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். அதைப் பூசியதும் அடங்கியது. அடங்கிய கையோடு மறுபடி டிஷ்யூவை இழுத்தார். மறுபடி வெடித்தது.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பனி. வயசு. உடம்புச் சூடு. அதிகம் பேர் சொன்னது சாப்பாட்டைத்தான். ஆயம்மா ஒவ்வொன்றாக விட்டார். முதலில் கத்தரிக்காய். பிறகு தக்காளி, அன்னாசி, மாசி மீன். கடைசியில் கருவாடு. கருவாட்டை விடுவது அவருக்குச் சாதாரணம் இல்லை. சனிக்கிழமை மாலை அவர் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீடு வரைக்கும் வாசனை வரும். அதையும் விட்டார். சவர்க்காரத்தை மாற்றினார். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். விட வேண்டிய ஒன்றை மட்டும் விடவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்ததும் ஒரு பாக்கெட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். எழுத்து எறும்பை விடச் சிறியது. ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கி வாசித்தேன். தண்ணீருக்கும் வாசனைக்கும் பிறகு, கடைசி வரியில் இருந்தது: மெத்தில் ஐசோதயசோலினோன். லோஷன் போத்தலையும் திருப்பினேன். அதிலும் அதேதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அது நஞ்சு இல்லை. ஈரமாக அடைத்து வைத்த எதிலும் கிருமி வளரும். வளராமல் இருக்க ஏதாவது போட்டே ஆக வேண்டும். பெரும்பாலானவர்களை அது ஒன்றும் செய்யாது. சிலருடைய தோல் மட்டும், திரும்பத் திரும்பப் பட்டதில் ஒரு நாள் அதைப் பகையாளியாக அடையாளம் கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் பிறகு மறக்காது. ஒரு துளி பட்டாலும் ஓரிரு நாளில் தோல் கொதித்தெழும். கழுவிவிடுகிற சவர்க்காரத்தை விடத் தோலிலேயே தங்கிவிடுகிற டிஷ்யூவிலும் லோஷனிலும் இந்தத் தொல்லை அதிகம். இவ்வளவுதான் விஷயம். ஒரு தாளில் எழுதினால் பாதிப் பக்கம் வராது.

“ஆயம்மா, இந்த டிஷ்யூவயும் லோஷனையும் ஒரு மாசம் தொடாம இருந்து பாருங்க” என்றேன்.

“இதயா? பேபின்னு போட்டிருக்கே புள்ள! பச்சப்புள்ளைய ஒண்ணும் செய்யாதது இந்தக் கெழட்டுத் தோல என்னா செய்யப்போவுது?”

“புள்ளைங்களுக்கு எப்பவாவது படுது. உங்களுக்கு விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் படுது.”

“அப்ப எனக்குத்தானே ரொம்ப நல்லது?”

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. என் அண்ணன் மகளும் அப்போது காம்பராப் பிள்ளைதான். அவள் வாயைச் சுற்றி லேசாகச் சிவந்தது. இன்னும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கும் அப்படியே. அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“இந்தா பாரு. ஆயம்மா கையில இருக்கிற செரங்கு புள்ளைக்கு ஒட்டிருச்சு.”

“அது ஒட்டுற நோய் இல்ல அண்ணி. அந்த டிஷ்யூதான் ரெண்டு பேருக்கும் ஆகல.”

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வருதுன்னா ஒட்டிருக்குன்னுதானே அர்த்தம்? நீ படிச்சுப் படிச்சு என்னத்த படிச்ச?”

இனி என் வார்த்தை போதாது, ஒரு டொக்டர் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். என் விடுமுறை நாளில் ஆயம்மாவைப் பதுளைக்குக் கூட்டிப்போய்த் தோல் டொக்டர் ஒருவரிடம் காட்டினேன். பொறுமையான மனுஷி. பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான் நினைத்ததையே சொன்னார். ஆனால் சிங்களத்தில் சொன்னார். தமிழில் மாற்றுவது என் பொறுப்பானது.

நான் கவனமாகத்தான் மாற்றினேன். “இது கெட்டுப்போகாம இருக்க ஒண்ணு போட்டிருக்காங்களாம் ஆயம்மா. அதுதான் ஒங்க தோலுக்கு ஆகலையாம். இனிமே இத தொடவே கூடாதாம்.”

“கெட்டுப்போகாம இருக்க என்னா போட்டிருக்காங்க?”

“ஒரு இரசாயனம்.”

“ரசாயனம்னா?”

பாடப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கிறது. லயத்தில் பேசும் தமிழில் அதற்கு ஒரு சொல் இல்லை. பதப்படுத்தி, பாதுகாப்பான், காப்புப் பொருள் என்று எனக்குள் வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஆயம்மாவே ஒரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஓ, மருந்து!”

“மருந்து இல்ல ஆயம்மா…”

“சரி சரி, வெளங்கிருச்சு. மருந்து கலந்திருக்கு. அதான் இந்தக் கையில பட்டா எரியுது. புண்ணுல மருந்து பட்டா எரியத்தானே செய்யும்?”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போது, “ஒரு மாசம் தொடாம இருக்கணும், அவ்வளவுதானே? புள்ளைங்க மூஞ்சிய யாரு தொடைப்பா?” என்றார். பழைய துணிகளை எடுக்கச் சொன்னேன். “வெல்பெயர் ஐயா ஏசுவாரு” என்றார். நான் அவரிடம் பேசுகிறேன் என்றேன். டொக்டர் எழுதிய துண்டுச் சீட்டு என் கையில் இருந்தது. மறுநாள் மாலை வெல்பெயர் ஐயாவைப் பார்ப்பது, பீலி மெலியும் நாட்களில் நான் வாளித் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, துணி அவிக்க விறகுக்குக் கேட்பது என்று மனதில் ஒழுங்கு செய்துகொண்டேன்.

மறுநாள் மாலை வரைக்கும் அது தாங்கவில்லை.

காலையில் பிள்ளைகளை விட வந்த தாய்மார் அவர் கையைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள். ஆயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு டிஷ்யூவை இழுத்து எல்லோர் முன்னாலும் ஆட்டியிருக்கிறார். “நான் அழுக்குக் கையாலயா ஒங்க புள்ளைங்கள தொடுறேன்? இது சும்மா ஈரக் காயிதம் இல்ல. மருந்து கலந்தது! டொக்டர் நோனா சொன்னாங்க. நம்ம பாமசிப் புள்ளகிட்ட வேணும்னா கேளுங்க!”

எங்கள் தோட்டத்தில் மருந்து என்றால் இரண்டு. ஒன்று டிஸ்பென்சரியில் கொடுப்பது. மற்றது முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மலையில் புல்லுக்கு அடிப்பது. டிஸ்பென்சரியில் நிற்கிறவர்களுக்கு முதலாவது ஞாபகம் வரும். கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் ஞாபகம் வரும். அந்த மாதம்தான் மருந்தடித்த புல்லைத் தின்று லயத்தில் ஓர் ஆடு செத்திருந்தது.

அன்றைக்குப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், தாய்மார் யாரும் கூடையைத் தொடவில்லை. “எங்க புள்ளைங்கள மருந்துல தொடைக்கிறாங்க” என்று நின்றார்கள். என் அண்ணிதான் முன்னால் நின்றாள். “என் நாத்தனாரே பாமசியில இருக்கா. அவதான் டொக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொன்னா” என்று சத்தம் போட்டாளாம். நான் சொல்லாத ஒன்றுக்கு இரண்டு பக்கமும் நானே சாட்சி.

சாயங்காலம் டொக்டரின் சீட்டோடு போனபோது வெல்பெயர் ஐயா ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார். அவர் பாக்கெட்டைத் தாய்மாரிடம் காட்டிப் படத்தில் இருந்த குழந்தையைக் காட்டியிருக்கிறார். இது குழந்தைகளுக்கென்றே செய்தது, கோளாறு ஆயம்மா கையில்தான் என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் சமாதானமாகிவிட்டார்கள்.

“டிஷ்யூவ நிப்பாட்டுங்க ஐயா. கோளாறு அதுலதான். இதுல எழுதியிருக்கு பாருங்க.”

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். “இது ஆயம்மாவோட கைக்கு எழுதினது தங்கச்சி. டிஷ்யூவ தடை பண்ணச் சொல்லி இதுல எங்க எழுதியிருக்கு? குடுத்தவங்க அடுத்த மாசம் பாக்க வராங்க. பெட்டி இல்லாட்டி நான் என்னா சொல்றது?”

பெட்டி வெளியிலிருந்து வந்தது, படத்தில் இருந்தது. ஆயம்மா எப்போதும் இங்கேயே இருந்தவர். எதை அப்புறப்படுத்துவது சுலபம் என்பது வெல்பெயர் ஐயாவுக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் அவர் கெட்டவர் இல்லை. கை ஆறும் வரை ஆயம்மா வீட்டில் இருக்கட்டும் என்றார். அதுவரை ஒரு இளம் பெண்ணை வைத்துக்கொள்வது, கை ஆறியதும் ஆயம்மாவே வந்து தாய்மாரிடம் காட்டுவது, அவர்கள் சரி என்றால் பழையபடி வேலை. இல்லையென்றால் அந்தப் பெண்ணே நிரந்தரம்.

ஆயம்மா வீட்டில் இருந்தார். நான் என் வேலையைத் தொடங்கினேன். பெட்டியில் வந்த லோஷனை அவர் வீட்டிலிருந்து எடுத்துப்போனேன். டொக்டர் கொடுத்த களிம்பு, வெறும் தேங்காய் எண்ணெய், வெறும் தண்ணீர், இவற்றைத் தவிர எதுவும் கையில் படக்கூடாது என்றேன். திரும்பச் சொல்ல வைத்தேன். பிள்ளைப் பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்.

துடைக்க ஒரு முகமும் இல்லாமல் அவர் பட்ட பாடு பார்க்க முடியாதது. பூனையைப் பிடித்து வைத்துக்கொண்டு துடைப்பார். வாசலில் போகிற பிள்ளையைக் கூப்பிடப் போய், நினைவு வந்து, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வார். “அந்தப் புதுப் புள்ள காதுக்குப் பின்னால தொடைக்கிறாளா?” என்று தினமும் கேட்பார். “ஒன் அண்ணன் மகளுக்கு மூக்கு ஒழுகுமே, பாத்துக்கிறாளா?”

அண்ணன் மகளுக்கு வாயைச் சுற்றிய சிவப்பு ஆயம்மா போன பிறகும் போகவில்லை. டிஷ்யூ போகாதபோது அது எப்படிப் போகும்? இதை அண்ணியிடம் சொன்னேன். “அந்தக் கையோட வெசம் இன்னும் எறங்கல” என்றாள். அவளுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, வீட்டிலாவது துணியால் துடைக்கச் சொன்னேன். அதைச் செய்தாள். அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

ஆயம்மாவின் கை ஆறியது. முதலில் வெடிப்புகள் மூடின. பிறகு செதில் உதிர்ந்து, உள்ளேயிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் கையைப் பிடித்து, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். எங்கும் ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு அவ்வளவு நிறைவான நாள் இருந்ததில்லை.

“பாத்தீங்களா ஆயம்மா? எதனால ஆறுச்சுன்னு இப்பவாவது வெளங்குதா?”

“வெளங்காம என்னா” என்றார் அவர், மலர்ந்த முகத்தோடு. “கருவாட்ட விட்டேன்ல!”

கை ஆறியதுதான் முக்கியம், காரணம் யாருடையதாகவும் இருக்கட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை காலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் தாய்மார் எல்லோரும் வருவார்கள், அங்கே வந்து கையைக் காட்டட்டும் என்று வெல்பெயர் ஐயா சொல்லியனுப்பினார். நானும் அரைநாள் லீவு போட்டேன்.

திங்கட்கிழமை நான் போனபோது ஆயம்மா எனக்கு முன்பே வந்து நின்றார். கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இரண்டு கையும் முந்தானைக்குள். என்னைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை.

“கையக் காட்டுங்க ஆயம்மா.”

“வேணாம் புள்ள. வா, வீட்டுக்குப் போவோம்.”

நானே முந்தானையை விலக்கினேன். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, புறங்கை வீங்கி, புதுத் தோலில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பியிருந்தது.

“டிஷ்யூவத் தொட்டீங்களா?”

“மாதா மேல சத்தியமா தொடல.”

“அந்த லோஷன்?”

“அதத்தான் நீ எடுத்துக்கிட்டுப் போயிட்டியே. அது நீல மூடி.” கையை மறுபடி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். “இது வேற புள்ள. போன நத்தார் பண்டிகைக்கு ஒரு புள்ளையோட அம்மா குடுத்தது, பெட்டிக்குள்ள தொறக்காம வச்சிருந்தேன். இது பச்சை மூடி. மருந்து எல்லாம் இல்ல. இலைதான் படம் போட்டிருக்கு. இலை நம்மள என்னா செய்யும்?”

வெள்ளிக்கிழமை நான் போன பிறகு திறந்திருக்கிறார். ஆறிய கை வறண்டு தெரிந்ததாம். தாய்மாருக்குக் காட்டும்போது பளபளப்பாக, வாசனையாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். சனிக்கிழமை முழுவதும் பூசினார். ஞாயிறு கோயிலுக்குப் போகுமுன் பூசினார். ஒரு துளி போதுமாக இருந்த கைக்கு. இலைப் படத்துக்குப் பின்னாலும் அதே எறும்பெழுத்து வரி இருந்திருக்கும்.

எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவரையா, இலை படம் வரைந்தவனையா, எறும்பை விடச் சிறிதாக அச்சடித்தவனையா, ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கும் எங்கள் பேச்சையா? அவரைத்தான் திட்டினேன், பக்கத்தில் நின்றவர் அவர்தான். “எத்தன தடவ சொன்னேன்? தண்ணி, எண்ணெய், களிம்பு. மூணே மூணுதானே ஆயம்மா!”

அவர் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

“கருவாடு தொடவே இல்லையே புள்ள.”

அதற்குள் தாய்மார் கூடையோடு வந்து சேர்ந்தார்கள். வெல்பெயர் ஐயாவும் வந்தார். யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முன்னால் வந்தவள் கையைப் பார்த்தாள், பின்னால் வந்தவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவர்கள் ஏசவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அந்தக் கையால் துடைக்கப்பட்டு வளர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆனாலும் ஒருத்தியும் “வாங்க” என்று சொல்லவில்லை. நான் பேசத் தொடங்கினேன். இரசாயனம் என்ற சொல் வரும்போதே தராசுக்காரர் முதல் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

அண்ணி அன்று பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். இறக்கிவிட்டுக் கூடையைத் தராசில் மாட்டப் போனாள். அந்த நேரத்தில் என் அண்ணன் மகள் தன்பாட்டில் நடந்துவந்து ஆயம்மாவின் வெள்ளைச் சேலைக்கு முன்னால் நின்றாள். மூக்கு மேலுதடு வரை ஒழுகியிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நாடியைத் தூக்கிக் கொடுத்தாள்.

ஆயம்மாவின் இடது கை முந்தானைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்தது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

“மூக்கத் தொடைச்சு விடும்மா” என்றார் அண்ணியைப் பார்த்து. “காதுக்குப் பின்னாலயும்.”

பிள்ளை கண்ணைத் திறக்காமல் நின்றுகொண்டே இருந்தது.